எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற ரயில்

எங்கள் ஏரியாவுக்கு ஒரு ரயில் நிலையம் இருந்தது. நிலையம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ரயில்வே அதை 'ஹால்ட்' என்றுதான் சொன்னது. ஒரு நீள மேடை, தகரக் கூரை போட்ட ஓர் அறை, அறையில் டிக்கெட் கொடுக்க ஒரு ஜன்னல், பக்கத்தில் ஒரு பலாமரம். பலாமரம் ஹால்ட் வருவதற்கு முன்பே இருந்தது, இப்போதும் இருக்கிறது. மற்றதெல்லாம் இரண்டு ஓணம் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

அதன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வார்டு, அந்தப் பக்கம் வேறொரு வார்டு. மேடை இந்தப் பக்கம், மேடைக்கு வரும் ரோடு அந்தப் பக்கம். யாருடைய பெயரை வைப்பது என்று இரண்டு வார்டும் அடித்துக்கொண்டதில், திறப்பு விழா அன்று மஞ்சள் பலகையைச் சாக்குப்பையால் மூடி வைத்திருந்தார்கள். ஒரு மாதம் கழித்துச் சாக்கை அவிழ்த்தபோது உள்ளே வெறும் மஞ்சள்தான் இருந்தது. கடைசி வரைக்கும் அப்படியே இருந்தது. இன்றைக்கு நான் எந்தப் பெயரை எழுதினாலும் பாதிப் பேர் என் வாசலில் வந்து நிற்பார்கள். எனக்கு எதற்கு வம்பு.

கல்யாணமாகி வந்தபோது நாங்கள் திருவனந்தபுரத்துக்குள்ளேயே, ஸ்ரீவராகத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கோட்டைக்குள் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. எனக்கு நாகர்கோவிலில் ஒரு காலேஜ் ஆபீஸில். காலையில் சென்ட்ரலில் ரயில் ஏறினால் போதும், ஒரு குறையும் இல்லை. குறை இல்லாத இடத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளாது. நகரத்துக்குத் தெற்கே, தண்டவாளத்தை ஒட்டி, ஐந்து சென்ட் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"எழுதி வெச்சுக்கோ. இன்னும் ரெண்டே வருஷம். கொல்லைக் கதவைத் தெறந்தா பிளாட்பாரம். நீ செருப்பைப் போட்டுண்டு ரயில்ல ஏற வேண்டியதுதான்" என்றார்.

"ஸ்டேஷன் வரட்டுமே. அப்புறம் வீடு கட்டினாப் போறாதா?"

"அப்போ இந்த வெலைக்குக் கெடைக்குமோ?"

வீடு வந்துவிட்டது. ஸ்டேஷன் வரவில்லை. ரெண்டு வருஷம் பதினோரு வருஷமாக நீண்டது. அந்தப் பதினோரு வருஷமும் நான் காலையில் பஸ் பிடித்து, கரமனைப் பாலத்தில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டு, வடக்கே சென்ட்ரலுக்குப் போய், அங்கே தெற்கே போகிற ரயிலில் ஏறுவேன். அந்த ரயில் பத்தே நிமிஷத்தில் என் வீட்டுக் கொல்லைப்புறத்தைத் தாண்டிக்கொண்டு போகும். எங்கள் மொட்டை மாடி, துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஜன்னல் வழியாகத் தெரியும். வீட்டை விட்டுக் கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். வீட்டு வாசலைக்கூட நான் தாண்டியிருக்க மாட்டேன்.

இதில் உச்சம் என்னவென்றால், அவர் மொட்டை மாடியில் காபி டம்ளரோடு நின்றுகொண்டு எனக்குக் கை காட்டுவார். எனக்கு வருகிற ஆத்திரத்தில் ஒரு நாளும் நான் பதிலுக்குக் கை காட்டியதில்லை. மழைக்காலத்தில் இன்னும் மோசம். கொடியில் என் புடவையெல்லாம் நனைந்துகொண்டிருக்கும், அதற்கு நடுவில் குடை பிடித்துக்கொண்டு நின்று கை காட்டுவார். ரயிலிலிருந்து போன் பண்ணி, "மழை பெய்யறது தெரியறதா?" என்று கேட்டால், "ஆமாம், இங்கேயும் நல்ல மழை" என்பார். துணியை எடுக்க வேண்டும் என்று தோன்றவே தோன்றாது.

ஆனால் மனுஷர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. குடியிருப்போர் அசோசியேஷனுக்குச் செக்ரட்டரி ஆனார். மனு மேல் மனுவாக எழுதினார். தெருவில் எல்லோரும் அவரை 'ஸ்டேஷன் மாமா' என்று கேலி செய்தார்கள். அந்தப் பெயரை வைத்தது யார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. நான்தான் வைத்தேன்.

பன்னிரண்டாவது வருஷம் ஹால்ட் வந்தேவிட்டது. முதல் நாள் காலையில் நான் இரண்டாவது காபியையும் குடித்துவிட்டு, கேட்டைப் பூட்டி, எட்டு நிமிஷம் நடந்து மேடைக்குப் போனேன். ரயில் வந்து எனக்காக நின்றது. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருந்தேன். வெளிச்சம் இருக்கும்போது என் வீட்டுக் கூடம் எப்படி இருக்கும் என்று வேலை நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் எதிரே வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நல்ல வார்த்தை ஒன்று சொல்லியிருக்கலாம். "ஒன்பது வருஷம் லேட்" என்றேன். அதற்கே அவர் பூரித்துப் போனார்.

ஹால்ட்டில் ரயில்வே ஊழியர் யாரும் கிடையாது. டிக்கெட் விற்பதைக் கமிஷனுக்கு ஏஜென்சி எடுத்திருந்த ஒரு பெண்தான் அங்கே எல்லாமும். என் வயது இருக்கும். களியக்காவிளைப் பக்கத்துக்காரி. ரயில் வரும் நேரத்துக்கு முன்பே வந்து அறையைத் திறந்து, மேடையில் பலா இலையைப் பெருக்கிவிட்டு, சின்னச் சின்ன அட்டை டிக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருப்பாள்.

ஒரே வாரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு கண்டுபிடிப்பைச் செய்தார். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவருக்கு எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அதில் ஒரு லாபம் கண்ணில் படும். மாதாந்தர சீசன் டிக்கெட்டின் கட்டணப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ரெண்டும் ஒரே ஸ்லாப்! ஹால்ட்லேர்ந்து நாகர்கோவில் வரைக்கும் எடுத்தாலும் அதே சார்ஜ், சென்ட்ரல்லேர்ந்து எடுத்தாலும் அதே சார்ஜ். பின்னே எந்த மடையன் ஹால்ட்லேர்ந்து எடுப்பான்? சென்ட்ரல்லேர்ந்து எடுத்துட்டு நடுவுல ஏறிண்டாப் போச்சு. ஞாயித்துக்கெழமை கோவிலுக்கு, சாலைக் கடைத்தெருவுக்கு, எல்லாத்துக்கும் ஓசியிலே போயிட்டு வரலாம்!"

உடனே அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் தமிழிலும் மலையாளத்திலும் அறிவிப்புப் போட்டார். நெய்யாற்றின்கரைக்குப் போகிறவர்கள், பாறசாலைக்குப் போகிறவர்கள், நாகர்கோவிலுக்குப் போகிறவர்கள், எல்லோருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். போன் பார்க்கத் தெரியாதவர்களுக்கு வீடு தேடிப் போய் அவரே எடுத்துக் கொடுத்தார். எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் அவரைக் கும்பிட்டார்கள். ஸ்டேஷன் மாமா என்பதில் இருந்த கேலி போய் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அதன் பிறகு எங்கள் ஹால்ட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. காலையில் ஜன்னலைக் கடக்கும்போது ஒவ்வொருவரும் அந்த ஏஜென்ட் அம்மாளைப் பார்த்து, "சீசன்!" என்று சொல்லிவிட்டுப் போவோம். டிக்கெட் இல்லாமல் ஏறுகிறோம் என்று அவள் நினைத்துவிடக் கூடாதே. நாளாக ஆக அது குட்மார்னிங் மாதிரி ஆகிவிட்டது. சீசன், சீசன், சீசன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவோம். அவளும் ஒவ்வொருவருக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். சில குழந்தைகள் அதுதான் அவள் பெயர் என்று நினைத்து 'சீசன் ஆன்ட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தன.

இரண்டாவது ஓணம் நெருங்கும்போது அறையின் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்த ஹால்ட்டில் போதிய பயணிகள் இல்லாததால் இதை மூடுவதாக உத்தேசம், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம்.

அசோசியேஷன் கூட்டத்தில் கொந்தளித்துவிட்டார்கள். காலையில் மேடையில் நிற்க இடம் இல்லை, பயணிகள் இல்லையாம்! தலைவர் போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். எதைப் பார்த்தாலும் அவருக்குக் கேஸாகத்தான் தெரியும். "இதுக்குப் பின்னால ஒரு கறுத்த கை உண்டு, சாரே. அது ஆருன்னு நான் கண்டுபிடிக்கும்" என்றார். அந்தப் பக்கத்து வார்டுதான் என்று பாதிப் பேர், ஆட்டோ ஸ்டாண்டுதான் என்று மீதிப் பேர். என் வீட்டுக்காரர் எழுந்து கையை உயர்த்தினார்.

"சண்டை வேண்டாம். நமக்கு எவிடென்ஸ் போதும்" என்றார்.

ஒரு வாரம் வீடு வீடாகப் போனார். ஒவ்வொருவருடைய சீசன் டிக்கெட்டையும் வாங்கி ஜெராக்ஸ் எடுத்தார். ஒரு தாளுக்கு நான்கு டிக்கெட். எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு, ஓட்டை குத்தி, நாடா கோத்து, 'இணைப்பு' என்று மேலே எழுதி, ஒன்பது பக்க மனுவோடு சேர்த்துக் கட்டினார். கல்யாண ஆல்பம் கனம் இருந்தது. ரயில்வேயின் பெரிய ஆபீஸுக்குப் போய்க் கொடுத்துவிட்டு, நகலில் ரசீது முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். வருகிற வழியிலேயே அதன் முதல் பக்கத்தை லாமினேஷனும் செய்துவிட்டார்.

மூன்று நாள் கழித்து ஒரு சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கியதும் நல்ல மழை. குடை இல்லை. டிக்கெட் அறையின் கூரைக்கு அடியில் ஒதுங்கினேன். மற்றவர்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள். ஏஜென்ட் அம்மாள் ஜன்னல் வழியாக ஒரு ஸ்டூலை நீட்டினாள்.

"ஒரு காரியம் சொன்னா மேடம் கோவிக்கப்பிடாது" என்றாள்.

"எனக்குக் கோவமே வராது" என்றேன். எங்கள் தெருவில் யாரும் நம்பாத வாக்கியம் அது.

"சார் குடுத்த கட்டுல எத்தன பேரு உண்டு?"

"எழுபது எண்பது பேர் இருப்பா."

"அதுல ஒரு ஆளாவது நம்ம ஹால்ட்டுலேருந்து ஏறுகதா எழுதியிருக்கா மேடம்?"

கைப்பையிலிருந்து என் சீசனை எடுத்துப் பார்த்தேன். திருவனந்தபுரம் சென்ட்ரல் முதல் நாகர்கோவில் வரை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இந்த ஜன்னல்ல நான் விக்குத டிக்கெட்டுதான் இந்த ஹால்ட்டோட கணக்கு. நீங்க எல்லாரும் சென்ட்ரல்ல ஏறின ஆளுங்களாக்கும். கணக்குப்படி இங்க உள்ளது நானும் இந்தப் பிலாமரமும் மட்டும்தான்" என்றாள்.

"ரெண்டு வருஷமா இதை ஏம்மா சொல்லலே?"

"ஆரும் கேக்கல்லியே மேடம். எல்லாரும் அவ்வளவு சந்தோசமாட்டு 'சீசன்'னு சொல்லீட்டுப் போவிய. அதுல போயி நான் மண்ணு போடவா?"

அவளுக்கு என்ன, குழித்துறைப் பக்கம் இன்னொரு ஹால்ட்டின் ஏஜென்சிக்கு ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தாள். எங்கள் நிலைமை அப்படியா? ஹால்ட்டை மூடுவதற்கு ரயில்வே தேடிக்கொண்டிருந்த ஆதாரத்தை, வரிசை எண் போட்டு நாடா கட்டி என் வீட்டுக்காரரே கொண்டுபோய்க் கொடுத்து, அதற்கு ரசீதும் வாங்கி வந்திருக்கிறார்.

மழை விடுவதற்குள் கிளம்பிவிட்டேன். எட்டு நிமிஷ நடையில், அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியலே போட்டுவிட்டேன். ஸ்ரீவராகத்தில் ஆரம்பித்து, நனைந்த புடவைகள் வழியாக, ஸ்லாப் வரைக்கும் வந்து நிறுத்துவதாகத் திட்டம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவர் கூடத்தில் நாற்காலி போட்டு ஏறி நின்றுகொண்டு, லாமினேஷன் செய்த அந்த மனுவைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? நேரா இருக்கான்னு பாரேன்" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது மனுஷர், பரிசு வாங்கின பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். பதினோரு வருஷம் ஊரே அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. ஊரைவிட அதிகமாகச் சிரித்தவள் நான். இரண்டு வருஷமாகத்தான் தலை நிமிர்ந்து நடக்கிறார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இனி அவர் அந்தத் தெருவில் நடக்கவே மாட்டார்.

"வலது பக்கம் கொஞ்சம் தூக்குங்கோ" என்றேன்.

மறுநாள் காலையில் நான் மட்டும் சற்று முன்னாலேயே போய் ஜன்னலில் நின்றேன். "ஒரு நாகர்கோவில்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கொடுத்தாள். சீசன் பையில் இருக்க, தினமும் ஒரு டிக்கெட் வாங்க ஆரம்பித்தேன். ஒருத்தி வாங்கும் டிக்கெட்டில் ஒரு ஸ்டேஷன் பிழைக்குமா என்று கேட்டால் பிழைக்காதுதான். சும்மா இருக்கவும் முடியவில்லை. ஒரு நாள் பரிசோதகர் கேட்டபோது அவசரத்தில் இரண்டையும் சேர்த்து எடுத்து நீட்டிவிட்டேன்.

"ரெண்டு எதுக்கு மேடம்?" என்றார்.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஹால்ட்டுக்கு" என்றேன். மனுஷர் அதன் பிறகு என் பெட்டிக்கே வருவதில்லை.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை மனுவுக்குப் பதில் வந்தது. என் வீட்டுக்காரர் கேட் அருகிலேயே நின்று உறையைக் கிழித்துப் படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ரிக்ரெட் பண்ணியிருக்கான். மாசக் கடைசியோட நின்னுடுமாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அன்று காலையில் ஏற்கெனவே குளித்திருந்தார். நான் அதை எடுத்துச் சொல்லவில்லை.

அந்த வாரக் கூட்டத்தில் தலைவர் கறுத்த கையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். சந்தேகப் பட்டியலில் அந்தப் பக்கத்து வார்டில் பாதி இருந்தது. எப்போதும் தலைவருக்கு மேல் பேசுகிற செக்ரட்டரி அன்று வாயைத் திறக்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துக்கம் என்று நினைத்தேன்.

கடைசி நாள் காலையில் அவரும் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். மேடை நிறையக் கூட்டம். தலைவர் ஒரு மாலை கொண்டுவந்திருந்தார். வெறும் மஞ்சள் பலகைக்கு அதைப் போடப் போக, இறந்தவர் படத்துக்குப் போடுவது போல இருக்கிறது என்று யாரோ ஆட்சேபிக்க, அது கடைசியில் பலாமரத்தின் கழுத்தில் விழுந்தது. ஜன்னலைக் கடந்த எல்லோரும் வழக்கம்போல, "சீசன்", "சீசன்" என்றார்கள். இரண்டு பேருக்குக் குரல் கம்மியது. ஏஜென்ட் அம்மாள் எல்லோருக்கும் தலையாட்டினாள்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஜன்னலில் நின்றார்.

"ரெண்டு நாகர்கோவில்" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் பலாமரத்தைப் பார்த்தேன். அவள் எதுவும் கேட்காமல் இரண்டு அட்டையை எடுத்துத் தேதி குத்திக் கொடுத்தாள்.

ரயில் கிளம்பி, எங்கள் மொட்டை மாடியைத் தாண்டிய பிறகு ஒரு டிக்கெட்டை என் கையில் கொடுத்தார்.

"போன வாரம் என் கண்ணாடி உன் பையில இருக்கோன்னு தேடினேன். பதினேழு டிக்கெட் இருந்தது" என்றார்.

நான் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"சீசன் இருக்கறவ எதுக்கு டிக்கெட் எடுப்பாள்னு எனக்குத் தெரியாதா? நானே ஆடிட்டர் ஆபீஸ்காரன்." சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. "'தாங்கள் இணைத்துள்ள ஆவணங்களின்படியே'ன்னு ஆரம்பிக்கறான். அதுக்கு மேல நான் என்னத்தைப் படிக்கறது?" வலது கையை விரித்து என் முன்னால் நீட்டினார். "தலைவர் தேடற கை இதுதான்."

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"நீங்க நாற்காலி மேல ஏறி அதை மாட்டிண்டிருந்த அன்னிலேர்ந்து."

நேமம் ஸ்டேஷன் வந்து போனது.

"கல்யாணமானதுலேர்ந்து நீ சொல்லிக் காட்டாத ஒரே தப்பு இதுதான்" என்றார். குரல் உடைந்திருந்தது.

"அவசரப்படாதேங்கோ. இன்னும் நாள் இருக்கு" என்றேன். என் குரலும் அவ்வளவு நன்றாக இல்லை.

திங்கட்கிழமை மறுபடியும் பஸ், கரமனைப் பாலம், சென்ட்ரல். ரயில் ஹால்ட்டை நிற்காமல் தாண்டியது. அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. பலாமரத்தில் மாலை வாடித் தொங்கியது. மழை தூற ஆரம்பித்திருந்தது. அடுத்து எங்கள் வீடு என்று தெரிந்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

கொடியில் ஒரு துணிகூட இல்லை. அவர் மொட்டை மாடியில் நனைந்துகொண்டு நின்றார். என் புடவைகள், போர்வை, துண்டு எல்லாம் அவர் தோளிலும் கையிலும் குவிந்திருந்தன. கை காட்ட அவருக்குக் கை இல்லை. ரயிலைப் பார்த்துத் தலையை மட்டும் பலமாக ஆட்டினார்.

நான் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, வளையல் இடிக்க இடிக்க, வீடு மறைகிற வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.